கற்பும் ஊசியும்

நமது புதுக்கோட்டை ஜில்லாவில் ஒரு வீட்டில் பெண் குழந்தை பெரியவளாகி விட்டால், அந்தச் சங்கதியை வீட்டார் எவ்வளவு மறைவாக வைத்துக் கொள்ளுகின்றார்கள் என்பது எல்லோருக்கும் தெரியும். கடைவீதி முனையில் இரண்டு ஆள் உயரத்திற்குப் பிளக்ஸ் தட்டி நிற்கும். அதில் பெண்ணின் படமும், தாய்மாமன்மார் படமும், அவர்களுக்குப் பிடித்த கட்சித் தலைவர் படமும் அச்சாகி இருக்கும். மண்டபம் பிடித்து, ஒலிபெருக்கி கட்டி, தட்டு வரிசை ஊர்வலம் விட்டு, ஆட்டுக்கறிச் சாப்பாடு போட்டு, மொய் நோட்டு எழுதி, எங்கள் வீட்டுப் பெண்ணின் கருப்பை வேலை செய்யத் தொடங்கி விட்டது என்று பத்துக் கிராமத்திற்கும் அறிவித்த பிறகுதான் அவர்களுக்குத் தூக்கம் வரும். இதற்காக வட்டிக்குக் கடன் வாங்குகிறவர்களும் உண்டு. கீரமங்கலம், வடகாடு பக்கத்தில் ஆடி மாதத்தில் நடக்கும் மொய் விருந்துகளில் கைமாறும் பணத்தை எண்ணுவதற்கு மிஷின் கொண்டு வருகின்றார்கள் என்பதையும் நாம் அறிவோம். பணம் இல்லாத ஊர் என்று நம்மை யாரும் சொல்ல முடியாது.

அதே பெண்ணுக்கு, அதே கருப்பையின் வாயில், நாளைக்குப் புற்றுநோய் வராமல் தடுக்க ஓர் ஊசி இருக்கின்றது, போடலாமா என்று பள்ளிக்கூடத்து ஆசிரியையோ ஆஸ்பத்திரி நர்ஸோ கேட்டால், உடனே தகப்பனாருக்கு முகம் சுண்டி விடுகின்றது. தாயார் தலையைக் குனிந்து கொள்ளுகின்றார். அப்பத்தாவோ, "வயசுக்கு வந்த புள்ளைக்கு அந்த எடத்துக்கு எதுக்கு ஊசி?" என்று கேட்டுக் காரியத்தை அதோடு முடித்து விடுகின்றார். (ஊசி கையில்தான் போடப்படுகின்றது என்பதைக்கூட அவருக்கு யாரும் சொல்லி இருக்கமாட்டார்கள்.) பந்தலுக்கு வராத வெட்கம் ஊசிக்கு மாத்திரம் ஏன் வருகின்றது என்பதைப் பற்றியே இன்று எழுத முன்வந்தோம்.

முதலாவதாக, நோய் இன்னதென்று தெரிந்து கொள்ள வேண்டும். கருப்பையின் கீழ்ப்புறத்தில், கழுத்துப் போலக் குறுகி இருக்கும் பாகத்தில் உண்டாகும் புற்றுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோய் என்று பெயர். நம் இந்திய தேசத்தில் பெண்களுக்கு வரும் புற்றுநோய்களில் மார்பகப் புற்றுக்கு அடுத்தபடி நிற்பது இதுவேயாகும். 2022-ம் வருஷத்தில் மாத்திரம் இந்நாட்டில் ஏறத்தாழ 1,27,000 பெண்களுக்கு இந்நோய் புதிதாகக் கண்டதென்றும், ஏறத்தாழ 80,000 பெண்கள் இதனால் மாண்டார்கள் என்றும் சர்வதேசப் புற்றுநோய் ஆராய்ச்சி ஸ்தாபனத்தின் கணக்கு கூறுகின்றது. அதாவது நாள் ஒன்றுக்கு 200 பேருக்கு மேல். ஒவ்வொரு நாளும் நான்கு பஸ் நிறையப் பெண்கள் ஆற்றில் கவிழ்ந்து சாகின்றார்கள் என்று பத்திரிகையில் வந்தால் நாடு சும்மா இருக்குமா என்று கேட்கின்றோம். ஆனால் இவர்கள் சாவது வீட்டுக்குள்ளே. அதுவும் வெளியில் சொல்லக்கூடாத இடத்தில் வந்த நோயால். ஆகையால் சத்தம் இல்லை.

இந்நோய் தலைவிதியால் வருவதன்று. நாக தோஷத்தாலோ, செய்வினையாலோ, போன ஜென்மத்துப் பாவத்தாலோ வருவதன்று. எச்.பி.வி. என்று சொல்லப்படும் ஒரு நுண்கிருமியால் வருவது. இக்கிருமியில் பல வகைகள் உண்டு. அவற்றில் 16, 18 என்று எண் கொடுக்கப்பட்ட இரண்டு வகைகளே இப்புற்றில் 100-க்கு 70 பங்கு வரையில் காரணமாகின்றன. ஜெர்மனி தேசத்து ஹரால்ட் சுர் ஹௌசன் என்பவர், மற்ற வைத்தியர்கள் நம்பாதிருந்த காலத்தில் பல வருஷம் தேடி, 1983, 1984-ம் வருஷங்களில் இவ்விரண்டு வகைகளையும் புற்றுக் கட்டியிலிருந்தே பிரித்துக் காட்டினார். அதற்காக 2008-ம் வருஷத்தில் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கிருமி இன்னதென்று தெரிந்த பிறகு தடுப்பூசி செய்வது சாத்தியமாயிற்று. அவ்வூசியில் உயிருள்ள கிருமியும் கிடையாது, செத்த கிருமியும் கிடையாது. கிருமியின் மேல்தோட்டைப் போன்ற வெறும் கூடு மாத்திரமே இருக்கின்றது. நம் உடம்பு அந்தக் கூட்டைப் பார்த்துப் பழகிக்கொண்டு, பின்னால் நிஜக் கிருமி வரும்போது அடையாளம் கண்டு விரட்டி விடுகின்றது. காவல்காரனுக்குத் திருடனுடைய சட்டையைக் காட்டி வைப்பது போன்ற காரியம்.

இக்கிருமி ஆண் பெண் சேர்க்கையின் மூலம் பரவுகின்றது. உலகத்தில் கலியாணமான ஆண் பெண்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது இது வந்து போகின்றது. வந்தது பலருக்குத் தெரிவதே இல்லை. ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பு தானாகவே அதைப் போக்கிக் கொள்ளுகின்றது. சிலருக்கு மாத்திரம் போகாமல் தங்கி, பத்து, பதினைந்து, இருபது வருஷம் கழித்துப் புற்றாக வெடிக்கின்றது. பதினெட்டு வயதில் கலியாணமாகி வந்த பெண்ணுக்கு நாற்பது வயதில், பிள்ளைகளைக் கரையேற்ற வேண்டிய சமயத்தில், இது வருகின்றது. கண்ட நாளில் உதிரம் போனாலும், துர்நாற்றத்தோடு வெள்ளை பட்டாலும், அது தீட்டு, வெளியே சொல்லக்கூடாது என்று துணியைத் துவைத்துப் போட்டுக்கொண்டே இருந்து விட்டு, வலி பொறுக்க முடியாத கட்டத்தில் ஆஸ்பத்திரிக்கு வருகின்றார்கள். தீட்டு என்று ஒரு சொல்லைக் கண்டுபிடித்தவன் எத்தனை பெண்களைக் கொன்றிருக்கிறான் என்பதற்கு இதுவரை யாரும் கணக்கு எடுக்கவில்லை.

சேர்க்கையால் பரவுகின்றது என்று சொன்ன மாத்திரத்திலேயே நம்மவர்களுக்குக் கோபம் வந்து விடுகின்றது. ஓர் ஊரில் நாம் இதைப் பற்றிப் பேசியபோது ஒரு தகப்பனார் எழுந்து, "அய்யா, தப்பு வழியில் போகிறவளுக்கு வருகிற நோய்க்கு ஒழுங்காக வளர்த்த என் மகளுக்கு எதற்கு ஊசி?" என்று கேட்டார். கேட்டவர் யோக்கியமான மனிதர். மகளை உயிராக வளர்ப்பவர். ஆனதால் அவருக்குப் பதிலும் மரியாதையாகவே சொல்ல வேண்டும்.

அய்யா, தங்கள் மகள் வேறு ஆண் முகத்தையே பார்க்காதவள் என்று வைத்துக் கொள்ளுவோம். அவளை ஒருவனுக்குக் கட்டிக் கொடுப்பீர்களா, மாட்டீர்களா? கட்டிக் கொடுக்கப் போகிற மாப்பிள்ளையைப் பற்றி என்னென்ன விசாரிப்பீர்கள்? நட்சத்திரம் பார்ப்பீர்கள், ரஜ்ஜு தட்டுகின்றதா என்று பார்ப்பீர்கள், செவ்வாய் எந்த வீட்டில் இருக்கின்றது என்று பார்ப்பீர்கள், நிலம் எத்தனை மா, சிங்கப்பூரில் சம்பளம் எவ்வளவு என்று பார்ப்பீர்கள். அவன் இதற்கு முன் எங்கெங்கே போனான் என்று கேட்பீர்களா? கேட்டாலும் சொல்லுவானா? சொன்னாலும், "ஆம்பிளைன்னா அப்படித்தான்" என்று நீங்களே சமாதானம் சொல்லி விடுவீர்கள் அல்லவா? அவனைப் பரிசோதித்துப் பார்க்கலாம் என்றாலோ, இக்கிருமி இருக்கின்றதா என்று ஆண்களிடத்தில் கண்டுபிடிக்க வழக்கத்தில் பரிசோதனை எதுவும் கிடையாது. அவனுக்கே தெரியாமல் அவன் கொண்டு வருகிறதை, தங்கள் மகள் தாலி கட்டிய அன்றைக்கு வாங்கிக் கொள்ளுகின்றாள். அவளுடைய கற்பு இதில் எந்த இடத்தில் காப்பாற்றிற்று?

ஒரு பக்கத்தில் மாத்திரம் போட்ட வேலியால் வெள்ளாமையைக் காக்க முடியாது என்பது நம் குடியானவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆனால் கற்பு விஷயத்தில் ஆயிரக்கணக்கான வருஷங்களாக ஒரு பக்கத்து வேலியையே கட்டிக்கொண்டு வருகின்றோம். பெண்ணுக்குக் கற்பு, ஆணுக்கு அந்தச் சொல்லே பேச்சு வழக்கில் இல்லை. அதன் பலனை அனுபவிக்கிறவளும் அவளே. புருஷனைத் தவிர வேறொருவரை அறியாமல், நோன்பும் விரதமும் தவறாமல், மஞ்சளும் குங்குமமுமாய் வாழ்ந்த பெண்களே இந்நோயால் செத்தவர்களில் மிகப் பெரும்பாலோர். கிருமிக்குத் தாலியும் தெரியாது, குலமும் தெரியாது.

இதில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விட வேண்டும். இக்கிருமி ஒருவர் உடம்பில் பல வருஷம் சத்தமின்றி இருக்கக்கூடும். ஆதலால் ஒரு பெண்ணுக்கு இந்நோய் கண்டால் அவளைச் சந்தேகிப்பதும், அல்லது அவள் புருஷன் இப்போது எங்கோ போகிறான் என்று சண்டை கிளப்புவதும் இரண்டும் மடமையேயாகும். யாரால், எப்பொழுது வந்தது என்று கண்டுபிடிக்க முடியாத நோய் இது. அப்படிப்பட்ட நோய்க்குக் குற்றவாளியைத் தேடுவதைவிட, வருவதற்கு முன் தடுப்பதே புத்திசாலித்தனம். சிறு வயதுக் கலியாணமும், ஓயாத பிரசவமும், புகையிலையும் இந்நோய்க்கு ஒத்தாசை செய்கின்றவை என்பதையும் இடையே சொல்லி வைக்கின்றோம்.

சரி, கலியாணத்துக்குப் பிறகு போட்டுக்கொண்டால் என்ன, பதினாலு வயதில் எதற்கு என்று சிலர் கேட்கின்றார்கள். இவ்வூசி தடுக்குமே தவிர, ஏற்கனவே உள்ளே வந்து விட்ட கிருமியை விரட்டாது. வெள்ளம் வந்த பிறகு கண்மாய்க்கரையை உயர்த்துகிறவன் உண்டா? அன்றியும் 9 முதல் 14 வயது வரையில் உள்ள உடம்பு இவ்வூசிக்குக் கொடுக்கும் எதிர்ப்புச் சக்தி, வயது வந்தவர்கள் உடம்பு கொடுப்பதைவிட அதிகம். இக்காரணங்களாலேயே உலக சுகாதார ஸ்தாபனம் அவ்வயதைச் சொல்லுகின்றது.

இன்னும் சிலர், ஊசி போட்டால் பெண்ணுக்குப் பயம் விட்டுப் போய் விடும், கெட்டு விடுவாள் என்கின்றார்கள். அமெரிக்காவில் 11, 12 வயதில் இவ்வூசி போட்டுக்கொண்ட பெண்களையும், போட்டுக் கொள்ளாத பெண்களையும் சில வருஷம் கவனித்து ஒப்பிட்டு 2012-ம் வருஷத்தில் ஒரு ஆராய்ச்சி வெளியிட்டார்கள். நடத்தையில் யாதொரு வித்தியாசமும் காணப்படவில்லை. அதை விடுங்கள். புற்றுநோய்க்குப் பயந்துதான் நம் வீட்டுப் பெண் ஒழுங்காய் இருக்கிறாள் என்று சொல்லுகிற தகப்பனார், தன் மகளை எவ்வளவு கேவலமாக மதிக்கிறார் என்பதை யோசித்துப் பார்த்தாரா?

"கெட்டு விடுவாள்" என்ற இந்தப் பல்லவி நம் புதுக்கோட்டைக்குப் புதிதன்று. 1886-ம் வருஷத்தில் இவ்வூரில் பிறந்த முத்துலட்சுமி என்ற பெண், இங்குள்ள மகாராஜா கல்லூரியில் சேர்ந்து படிக்க வேண்டுமென்று மனுப் போட்டபோது, பெண் ஒருத்தி வந்தால் பையன்கள் கெட்டுப் போவார்கள் என்று பெரிய மனிதர்கள் ஆட்சேபித்தார்கள். அவர் தாயார் தேவதாசிக் குலத்தில் பிறந்தவர் என்பது அவர்களுக்குக் கூடுதலாக ஒரு சாக்கு. அக்காலத்துத் தொண்டைமான் மன்னர் அந்த ஆட்சேபணைகளைப் பொருட்படுத்தாமல் இடம் கொடுத்தார். அந்தப் பெண்தான் 1912-ம் வருஷத்தில் சென்னை வைத்தியக் கல்லூரியில் தேறி டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியானார். தம் உடன்பிறந்த சகோதரி புற்றுநோயால் துடித்து மாண்டதைக் கண்ணால் கண்டு, இந்நோய்க்கென்று ஓர் ஆஸ்பத்திரி வேண்டுமென்று முப்பது வருஷம் வாதாடி, 1954-ம் வருஷத்தில் சென்னை அடையாறில் புற்றுநோய் ஆஸ்பத்திரியை ஆரம்பித்தார். இன்றைக்கு நம் ஜில்லாவிலிருந்து எத்தனையோ பெண்கள் அந்த அடையாறு ஆஸ்பத்திரிக்கு ரயிலேறிப் போகின்றார்கள். அதைக் கட்டியவர் நம் ஊர்ப் பெண் என்பதும், அவரைப் படிக்க விடக்கூடாது என்று தடுத்தவர்கள் நம் ஊர் ஆண்கள் என்பதும் அவர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்?

பிறகு 1991-ம் வருஷத்தை ஒட்டி, ஷீலா ராணி சுங்கத் அவர்கள் கலெக்டராக இருந்த காலத்தில், அறிவொளி இயக்கத்தின் மூலம் இந்த ஜில்லாவில் ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொண்டார்கள். அப்போதும் இதே பல்லவிதான். சைக்கிள் ஏறினவள் கெட்டுப் போவாள் என்று டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து பேசினவர்களின் பேத்திமார்கள் இன்று ஸ்கூட்டியில் கல்லூரிக்குப் போகின்றார்கள். படித்தால் கெடுவாள், சைக்கிள் ஏறினால் கெடுவாள், ஊசி போட்டால் கெடுவாள் என்று ஒரு பெண்ணின் ஒழுக்கத்தை இவ்வளவு உடையும் சாமானாக மதிக்கிறவர்கள், அதே ஒழுக்கத்தைக் கொண்டு புற்றுநோயைத் தடுத்து விடலாம் என்றும் நம்புவதுதான் நமக்கு விளங்கவில்லை.

நிற்க. வெட்கத்தினால் மறுப்பவர்களை விட்டு, சந்தேகத்தினால் மறுப்பவர்களிடம் வருவோம். வெட்கத்தைக் கேலி செய்யலாம். சந்தேகத்தைக் கேலி செய்யக்கூடாது. எந்தச் சர்க்கார் எதைக் கொண்டு வந்தாலும், எந்த டாக்டர் எதைச் சொன்னாலும், ஏன், எதற்கு, எப்படி என்று கேட்பது மனிதனுடைய கடமை. இவ்வூசி விஷயத்தில் அப்படிக் கேட்பதற்குத் தக்க காரணமும் இருக்கின்றது.

2009-ம் வருஷத்தில் அப்போதைய ஆந்திர ராஜ்யத்துக் கம்மம் ஜில்லாவிலும், குஜராத்தில் வடோதரா ஜில்லாவிலும் 10 முதல் 14 வயது வரையில் உள்ள பல ஆயிரம் பெண் குழந்தைகளுக்கு, பாத் என்ற அமெரிக்க ஸ்தாபனம் நம் சர்க்காரின் வைத்திய ஆராய்ச்சிக் கவுன்சிலோடு சேர்ந்து இவ்வூசியைப் போட்டது. அக்குழந்தைகளில் அநேகர் மலைஜாதிப் பெண்கள்; விடுதிகளில் தங்கிப் படித்தவர்கள். சில மாதங்களுக்குள் ஏழு பெண்கள் இறந்து போனார்கள் என்று தெரிய வந்தது. பெரும் கிளர்ச்சி உண்டாகி, 2010-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் வேலை நிறுத்தப்பட்டது. விசாரித்தவர்கள், பாம்புக் கடி, நீரில் மூழ்குதல், பூச்சி மருந்து, மலேரியா முதலியவைகளால் அச்சாவுகள் நேர்ந்தன, ஊசியால் நேர்ந்தனவாகத் தெரியவில்லை என்றார்கள். ஆனால் கதை அதோடு முடியவில்லை. 2013-ம் வருஷத்தில் பார்லிமெண்டின் சுகாதாரக் கமிட்டி இதை ஆராய்ந்து, மிகக் கடுமையான ஓர் அறிக்கை கொடுத்தது. ஆந்திராவில் பார்வையிடப்பட்ட 9,543 சம்மதப் பாரங்களில் 2,763-ல் கையெழுத்துப் போட்டவர்கள் விடுதி வார்டன்கள். 1,948-ல் வெறும் கைநாட்டு. பெற்றவர்களுக்கு விஷயமே தெரியாது. ஊசியின் பின்விளைவுகளைக் கவனித்து எழுதவும் சரியான ஏற்பாடு இல்லை.

இதைப் பற்றி நம் அபிப்பிராயத்தை மழுப்பாமல் சொல்லுகின்றோம். ஊசி அக்குழந்தைகளைக் கொன்றதென்பதற்கு ருஜு இல்லை. ஆனால் ஏழைப் பெண்ணின் தாய் தகப்பனைக் கேட்க வேண்டியதில்லை, வார்டன் கையெழுத்துப் போதும் என்று நினைத்தது மன்னிக்கக் கூடாத அகங்காரமாகும். பணக்காரன் மகளுக்கு இப்படிச் செய்திருப்பார்களா? ஏழைக்கு நல்லது செய்கிறோம் என்று சொல்லிக்கொண்டு அவனை மனிதனாகவே மதிக்காமல் நடப்பது, பூசாரி செய்தால் என்ன, டாக்டர் செய்தால் என்ன? அந்த அகங்காரத்தின் பலனாக, நல்லதொரு ஊசியின் பேரில் இந்நாட்டு ஜனங்களுக்கு உண்டான பயம் இன்றுவரை தீரவில்லை. சர்க்கார் இவ்வூசியை ஜனங்களிடத்தில் கொண்டு வரப் பல வருஷம் தயங்கியதற்கும் அது ஒரு காரணம். அந்த வருஷங்களில் செத்த பெண்கள் எந்தக் கமிட்டியின் கணக்கிலும் வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. அதே 2009-ம் வருஷத்தில் வேறோர் ஆராய்ச்சியும் இந்நாட்டில் பல இடங்களில் தொடங்கிற்று. அதில் ஓர் இடம் நம் பக்கத்து ஊர் போன்றதுதான். திண்டுக்கல் ஜில்லா ஒட்டன்சத்திரத்தை அடுத்த அம்பிளிக்கை. இவ்வூசி மூன்று தடவை வேண்டுமா, இரண்டு தடவை போதுமா என்று பார்ப்பதே நோக்கம். 2010-ல் எல்லாம் நிறுத்தப்பட்டபோது இதுவும் நின்றது. ஊசி போட்டுக்கொண்ட சுமார் 17,700 பெண்களில் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஒரே ஒரு ஊசிதான் விழுந்திருந்தது. மற்ற ஊசிகளைப் போட வழியில்லை. ஆனால் ஆராய்ச்சிக்காரர்கள் அவர்களைக் கைவிடாமல் வருஷா வருஷம் கவனித்து வந்தார்கள். 2021-ம் வருஷத்தில் வெளியான முடிவு என்னவென்றால், பத்து வருஷம் ஆன பிறகும், 16, 18 வகைக் கிருமி உடம்பில் தங்காமல் தடுப்பதில் ஒரே ஊசி 100-க்கு 95 பங்கு வேலை செய்தது. இரண்டு, மூன்று ஊசி போட்டவர்களுக்குச் சமமாகவே செய்தது. இதையும் கென்யா, கோஸ்டாரிக்கா முதலிய தேசத்து ஆராய்ச்சிகளையும் வைத்துத்தான், ஒரே ஊசி போதும் என்று சர்க்கார்கள் ஏற்பாடு செய்து கொள்ளலாமென 2022-ம் வருஷத்தில் உலக சுகாதார ஸ்தாபனம் சொல்லிற்று. நம் கிராமத்துப் பெண்களின் கையில் விழுந்த ஒரு ஊசி உலகத்திற்கே பணமும் காலமும் மிச்சம் பிடித்துக் கொடுத்திருக்கின்றது. நம் ஜில்லாப் பெண்ணுக்கு அந்த ஊசி வேண்டாம் என்று நாம் சொல்லுகின்றோம்!

போட்ட தேசங்களில் பலன் என்னவென்று பார்ப்போம். ஸ்வீடன் தேசத்தில் சுமார் 16,70,000 பெண்களின் கணக்கைப் பார்த்து 2020-ம் வருஷத்தில் வெளியிட்டதில், 17 வயதுக்கு முன் போட்டுக்கொண்டவர்களுக்கு இப்புற்று 100-க்கு 88 பங்கு குறைந்திருந்தது. ஸ்காட்லாந்தில் 12, 13 வயதில் போட்டுக்கொண்ட பெண்களில், 2024-ல் வெளியிட்ட கணக்கின்படி, ஒருவருக்குக்கூட இப்புற்று வரவில்லை. இலங்கையில் 2017 முதல் ஆறாம் வகுப்புப் பெண்களுக்குப் பள்ளிக்கூடத்திலேயே போடுகின்றார்கள். யாழ்ப்பாணத்துத் தமிழச்சிக்கு இல்லாத மானக்கேடு அறந்தாங்கித் தமிழச்சிக்கு எங்கிருந்து வந்தது? நம் நாட்டுச் சிக்கிம் ராஜ்யத்தில் 2018-லேயே போடத் தொடங்கி விட்டார்கள்.

பிள்ளை பிறக்காது என்ற புரளியும் உலவுகின்றது. எந்த ஊசி வந்தாலும் இப்புரளி கூடவே வரும். 2017-ம் வருஷம் பிப்ரவரியில் தட்டம்மை, ரூபெல்லா ஊசி வந்தபோது, வாட்ஸ்அப்பில் யாரோ முகம் தெரியாத ஆள் அனுப்பிய குரலைக் கேட்டு, தமிழ்நாட்டில் எத்தனையோ பெற்றோர்கள் அன்றைக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கே அனுப்பவில்லை. சர்க்கார் நாளை நீட்டித்துப் போட வேண்டியதாயிற்று. பெரியம்மைக்கு அம்மை குத்த வந்த காலத்திலும் ஆத்தாள் கோபிப்பாள் என்று குழந்தைகளைக் குதிருக்குப் பின்னால் ஒளித்து வைத்தார்கள். 1975-க்குப் பிறகு இந்தியாவில் பெரியம்மை கிடையாது; 1980-ல் உலகத்திலேயே ஒழிந்ததென்று அறிவித்தார்கள். நார்த்தாமலையில் ஆத்தாள் கோவில் இன்றும் இருக்கின்றது, பங்குனித் திருவிழாவும் குறைவின்றி நடக்கின்றது, பெரியம்மைதான் இல்லை. பிள்ளைப் பேற்றைப் பற்றிச் சொன்னால், இவ்வூசி அதைக் கெடுப்பதாக எங்கும் காணப்படவில்லை. உண்மையில், கருப்பைவாயில் புற்று வந்து கருப்பையையே எடுத்து விட்டால்தான் பிள்ளை பிறக்காது.

ஊசி போட்ட கையில் வலி, வீக்கம், சிலருக்கு இலேசான காய்ச்சல், தலைவலி உண்டாகலாம். ஒன்றிரண்டு நாளில் போய் விடும். ஊசியைக் கண்டு பயந்து சில பெண்கள் மயங்கி விழுவதுண்டு. ஆதலால் போட்டுக்கொண்டு கால் மணி நேரம் உட்கார்ந்திருந்து போக வேண்டும். கடுமையான ஒவ்வாமை முன்னால் கண்டவர்களும் கர்ப்பமாய் இருப்பவர்களும் முதலிலேயே சொல்லி விட வேண்டும். எச்.ஐ.வி. முதலிய காரணங்களால் உடம்பில் எதிர்ப்புச் சக்தி குறைந்த குழந்தைகளுக்கு ஓர் ஊசி போதாது. டாக்டரைக் கேட்டுச் செய்ய வேண்டும்.

ஆண்பிள்ளைகளுக்கு வேண்டாமா என்று கேட்பவர்களை நாம் பாராட்டுகின்றோம். வேண்டும் என்பதே நம் பதில். தொண்டைப் புற்று, ஆசனவாய்ப் புற்று, ஆண்குறிப் புற்று முதலியவற்றில் ஒரு பங்கு இதே கிருமியால் வருகின்றது. ஆஸ்திரேலியாவில் 2007-ல் பெண்களுக்குத் தொடங்கி, 2013 முதல் பையன்களுக்கும் போடுகின்றார்கள். கையிலுள்ள மருந்து குறைவாக இருக்கும்போது பெண்களுக்கு முதலிடம் என்பது நியாயம். கொண்டு வருகிறவனை விட்டு விட்டு வாங்கிக் கொள்ளுகிறவளுக்கே என்றென்றைக்கும் ஊசி என்பது நியாயமாகாது. வசதியுள்ள தகப்பனார் மகனுக்கும் சேர்த்துப் போட்டால் யாருக்கும் நஷ்டமில்லை.

இவ்வூசிக்குத் தனியார் ஆஸ்பத்திரியில் ஆயிரக்கணக்கில் செலவாகும். புனாவிலுள்ள சீரம் இன்ஸ்டிடியூட் செய்த செர்வாவாக் என்ற நம் நாட்டு ஊசிக்கு 2022-ல் அனுமதி கிடைத்து, 2023 முதல் விற்பனைக்கு வந்திருக்கின்றது. தமிழ்நாட்டுச் சர்க்கார் 14 வயதுப் பெண்களுக்குப் படிப்படியாக இலவசமாகப் போடுவதற்கு 36 கோடி ரூபாய் ஒதுக்குவதாக 2025-ம் வருஷம் மார்ச் மாதத்து வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தது. ஆகவே தாய்மார்களும் தகப்பன்மார்களும் உங்கள் ஊர் ஆரம்ப சுகாதார நிலையத்திலோ கிராம சுகாதார நர்ஸிடமோ எங்கள் பெண்ணுக்கு எப்போது என்று நீங்களே போய்க் கேளுங்கள். பள்ளிக்கூடத்திலிருந்து சம்மதக் காகிதம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போடாதீர்கள், கிழித்தும் எறியாதீர்கள். படிக்கத் தெரியாவிட்டால் படிக்கத் தெரிந்த மகளையே உரக்கப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். எந்த ஊசி, எத்தனை தடவை, காய்ச்சல் கண்டால் யாரிடம் வருவது என்று கேளுங்கள். பதில் சொல்லாதவரிடம் திரும்பவும் கேளுங்கள். வார்டனோ, வாத்தியாரோ, பஞ்சாயத்துத் தலைவரோ உங்களுக்காகக் கையெழுத்துப் போட ஒருகாலும் விடாதீர்கள். மகளிடத்திலும் விஷயத்தைச் சொல்லுங்கள், உடம்பு அவளுடையது.

கடைசியாகத் தாய்மார்களுக்கு ஒரு சங்கதி. மகளுக்கு ஊசி; உங்களுக்குப் பரிசோதனை. 30 வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்குக் கருப்பைவாயைச் சோதித்துப் பார்ப்பது நம் சர்க்கார் ஆஸ்பத்திரிகளில் செலவின்றி நடக்கின்றது. சமையல் காடியைப் போன்ற புளிப்பு நீரைத் தடவி, வெளுத்துக் காட்டுகின்றதா என்று பார்ப்பது ஒரு முறை. சில நிமிஷ வேலை. பெண் நர்ஸே பார்க்கின்றார். இதே திண்டுக்கல் ஜில்லாவில் 30 முதல் 59 வயது வரையில் உள்ள பெண்களுக்கு இப்படிச் செய்து, தேவைப்பட்டவர்களுக்கு உடனே வைத்தியமும் செய்ததில், இப்புற்று வருவது 100-க்கு 25 பங்கும், இதனால் சாவது 35 பங்கும் குறைந்ததென்று 2007-ம் வருஷத்தில் வெளியிட்டார்கள். ஊசி எல்லா வகைக் கிருமியையும் தடுப்பதில்லை ஆதலால், இன்று ஊசி போட்டுக்கொள்ளும் மகளும் முப்பது வயதில் இச்சோதனைக்கு வர வேண்டும். மகளை ஊசிக்கு அழைத்துப் போகிற அன்றைக்கே தாயார் தன் பெயரையும் அங்கே பதிந்து கொண்டு வந்தால், பஸ் சார்ஜாவது மிச்சமாகும்.